பொதுவா அக்காவின் பச்சை விளக்கு

என் அக்காவுக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பட்டப்பெயர் ‘பொதுவா’. வாயைத் திறந்தால் முதலில் விழுகிற சொல் அதுதான். தக்காளி அழுகியிருந்தால் எல்லோரையும்போல அழுகல் என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போக மாட்டாள். “பொதுவா, மேல அடுக்கினது ஒண்ணு, அடியில இருக்கறது ஒண்ணுன்னா, அந்தக் கடையில எதையுமே நம்பக் கூடாது” என்பாள், கடைக்காரர் காதுபடவே. அவர் முறைப்பது என்னை. பை என் கையில்தானே இருக்கும்.

நான் அவளுக்கு நேர் எதிர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். என் பிழைப்பில் பொது என்று ஒன்றும் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாந்தி எடுக்கிற பிள்ளை, பெல்ட் போடச் சொன்னால் அழுகிற பிள்ளை, இறங்க வேண்டிய இடத்தில் தூங்கிப்போகிற பிள்ளை என்று ஒவ்வொன்றும் தனித்தனித் தலைவலி. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். மனசில் பட்டதை உடனே கொட்டிவிடுவேன். அக்கா அப்படியில்லை. அவளை அழ வைக்கவே ஒரு வாரம் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும்.

அவள் செய்த வேலை கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதுவது. அதிலும் ஒரு தனி ஜாதி ப்ரோக்ராம். எல்லாவற்றையும் ஃபங்ஷனாக எழுதுவார்கள். ஒன்றை உள்ளே போட்டால் ஒன்று வெளியே வரும், நடுவில் திருட்டுத்தனம் எதுவும் நடக்காது. எனக்கு இதையெல்லாம் அவள் என் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

“இதோ பாரு, ஒரு பெட்டி இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். கணக்குல எக்ஸ் மாதிரி வச்சுக்கோ. செருப்பா இருக்கட்டும், மாம்பழமா இருக்கட்டும். பெட்டியில இருக்கற எல்லாத்துக்கும் ஒரே வேலைய செய்யற மாதிரி நான் ஒரு தடவை எழுதிட்டேன்னா, செருப்புக் கடைக்காரனும் எடுத்துக்கலாம், பழக்கடைக்காரனும் எடுத்துக்கலாம்.”

“மாம்பழப் பெட்டியில செருப்பைப் போட்டுட்டா?”

“அதான் அழகே. போட விடாது. ஓட்டறதுக்கு முன்னாடியே ‘இது மாம்பழப் பெட்டி, செருப்பு வராது’ன்னு எழுதினதச் சரிபாக்கற கம்பைலர் கத்தும். எந்தப் பெட்டியில எது வரணும்ங்கற டைப் சரியா இருந்தா பாதித் தப்பு பொறக்கவே பொறக்காது.”

இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெற்ற பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததைச் சொல்வதுபோலச் சொல்வாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “பொதுவா எங்களுக்குள்ள சண்டையே இல்ல” என்றாள். சண்டையே இல்லாத வீட்டில் அந்த மனிதன் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். இவளுக்கு அது ஏன் என்று கடைசிவரை விளங்கவில்லை.

அவள் வேலை பார்த்தது சரக்கு லாரிகளைக் கண்காணிக்கிற கம்பெனியில். அங்கே அவள் எழுதியதில் எல்லோரும் கையாண்ட ஒரு ஃபங்ஷன் இருந்தது. அதன் வேலை ரொம்பச் சின்னது. ஒரு பெட்டியையும் ஒரு கேள்வியையும் அதனிடம் கொடுக்க வேண்டும். பெட்டியில் உள்ள ஒவ்வொன்றிடமும் அது அந்தக் கேள்வியைக் கேட்கும். ஒன்றாவது ‘இல்லை’ என்று சொன்னால் சிவப்பு. ஒன்றுகூட ‘இல்லை’ சொல்லாவிட்டால் பச்சை. லாரியில் உள்ள மூட்டைகளெல்லாம் சீல் உடையாமல் இருக்கின்றனவா, டிரைவர்களெல்லாம் தூங்கி எழுந்தவர்களா, டயர்களெல்லாம் காற்றோடு இருக்கின்றனவா, எதற்கு வேண்டுமானாலும் அது பதில் சொல்லும். மூட்டையே ஏற்றாத லாரிக்கும் பச்சைதான் காட்டும். மூட்டை இல்லையென்றால் உடைந்த மூட்டையும் இல்லை, லாரி தாராளமாகப் போகலாம். அவள் இதை எனக்கு விளக்கியபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆள் இல்லாத வேனில் பெல்ட் போடாத பிள்ளை யார் இருக்க முடியும்?

இனி அப்பாவைச் சொல்ல வேண்டும். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கை பட்டது. எண்ணெய்க் கறை படிந்த விரல்களோடு வந்து, சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் எங்களைத் தொடுவார். ஒயரை எங்கே கண்டாலும் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வளையம் வளையமாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார். இஸ்திரிப் பெட்டி ஒயர், ரேடியோ ஒயர் எல்லாம் அப்படித்தான். அம்மா போன பிறகு மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருந்தார். அவருக்கு இரண்டு பெண்கள். ‘பெரியவ’ என்று சொல்லும்போது குரல் சற்று ஏறும். ‘சின்னவ’ என்று சொல்லும்போது ஏறாது. எனக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

ஒருநாள் அவருக்குத் தலை சுற்றி, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர், இனி இவரைத் தனியாக விடாதீர்கள் என்றார். என் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். என் வீடு இரண்டு அறை. புருஷன், இரண்டு பிள்ளைகள், துவைத்த துணி காயப்போட இடமில்லாமல் கதவின் மேலெல்லாம் துணி. அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, “எனக்கு என் வீடு போதும்மா” என்றார். முதியோர் இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த ஒருவர். அதைப் பற்றி நான் வாயெடுத்ததுமே அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் அக்கா சொன்னாள், “அப்பா அவர் வீட்டுலயே இருப்பார். நான் பாத்துக்கறேன்.”

“நீ ஊருக்கு அந்தக் கோடியில இருந்துக்கிட்டு எப்படிப் பாத்துப்ப?”

“பாத்துப்பேன்” என்றாள். இந்தத் தடவை பொதுவா போடவில்லை.

லீவு போட்டு உட்கார்ந்து செய்தாள். குழாயில் ஒன்று, அடுப்புக்கு மேலே ஒன்று, வாசல் கதவில் ஒன்று, ஹால் மூலையில் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கிற ஒன்று. எல்லாம் விரல் நகம் அளவுக் கருவிகள். அவை சொல்வதைச் சேகரித்து அவளுக்கு அனுப்ப, ரேடியோவுக்குப் பக்கத்தில் பிளக்கில் செருகிய ஒரு சின்னப் பெட்டி. குழாய் ரொம்ப நேரம் ஓடினால், அடுப்பு அளவுக்கு மீறிச் சூடானால், கதவு திறந்தே கிடந்தால், ஆள் நடமாடவில்லை என்று தகவல் வந்தால், அவள் போனில் சிவப்பு. எல்லாம் ஒழுங்காக இருந்தால் பச்சை, அதன் கீழே ‘எல்லாம் நலம்’ என்று எழுத்து. தகவல்களைச் சோதிக்க அவள் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. லாரிக் கம்பெனியில் வருஷக்கணக்கில் தப்பே செய்யாத அந்த ஃபங்ஷனை எடுத்து வைத்தாள். லாரியோ அப்பாவோ, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தேவையில்லையே.

நன்றாகத்தான் வேலை செய்தது, குறை சொல்ல முடியாது. ஒரு தரம் அப்பா பாலை அடுப்பில் வைத்துவிட்டு மொட்டைமாடியில் பக்கத்து வீட்டுக்காரரோடு அரட்டையில் இருந்தார். அக்கா ஆபீஸிலிருந்து போன் போட்டு, “அப்பா, பாலு” என்றாள். அன்றைக்கு டீக்கடையில் அப்பா பேசிய பெருமையைக் கேட்க வேண்டுமே. “என் பெரியவ அங்கேர்ந்தே அடுப்ப அணைச்சிட்டா” என்று, அணைக்காததையும் சேர்த்துச் சொன்னார். நான் வாராவாரம் துணி துவைத்து, தரை துடைத்துவிட்டு வந்தேன். அதை டீக்கடையில் யாரும் பேசவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. அதற்கு முன் அக்கா தினமும் சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கதவு பூட்டினீங்களா. பச்சை விளக்கு வந்த பிறகு அந்தக் கேள்விகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. பதில்தான் போனிலேயே இருக்கிறதே. தினமும் பேசியது வாரத்தில் ஒரு நாளாயிற்று, பிறகு அதுவும் தேய்ந்தது. பாசம் குறைந்ததென்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பச்சையை அவள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் எடுத்துப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். வேனில் வரும்போது சிக்னலுக்குச் சிக்னல் பார்ப்பாள். அவள் பார்த்தது அப்பாவுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா ஒருநாள் கேட்டார், “பெரியவளுக்கு வேலை ஜாஸ்தியா?”

“ஏன்ப்பா?”

“ஒண்ணுமில்ல. முன்னெல்லாம் பேசுவா.”

“அதான் பெட்டி வச்சிருக்காளே. எல்லாம் தெரியும் அவளுக்கு.”

“தெரியும், தெரியும்” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

பள்ளியில் பிள்ளைகளை வெளியூர்ச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போனார்கள். என் வேனும் போனது. திரும்பி வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனைக் கழுவக்கூட இல்லாமல் நேராக அப்பா வீட்டுக்குப் போனேன். மணியடித்தேன், கதவு திறக்கவில்லை. என்னிடம் சாவி இருந்தது.

சமையலறையில் ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. மேல் அலமாரியில் இருக்கிற பூப்போட்ட பீங்கான் கப்புகள் இரண்டு உடைந்து சிதறியிருந்தன. அப்பா அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்தார். தரை ஈரம். கண் திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. தொட்டேன், ஜில்லென்று இருந்தார், ஆனால் மூச்சு வந்தது. முந்தின நாள் காலையில் விழுந்தவர். அன்று பகல், ராத்திரி, மறுநாள் பகல் எல்லாம் அங்கேயே கிடந்திருக்கிறார். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, “ஒரு சத்தம் கேக்கலியேம்மா, ஒரு குரல் கொடுத்திருந்தாக்கூட வந்திருப்பேனே” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு அக்கா ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே வந்தாள். வந்ததும் என்னிடம் போனை நீட்டினாள். பச்சை. எல்லாம் நலம்.

“இப்பவும் பச்சைதான் காட்டுது, பாரு” என்றாள், ஏதோ நான் பார்த்ததுதான் தப்பு என்பதுபோல. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைச் சுவரில் எறிந்திருப்பேன். உள்ளேயிருந்து டாக்டர் வந்தார். இடுப்பெலும்பு முறிவு, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, வயசும் ஆகிவிட்டது, பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்று டாக்டர்கள் எப்போது சொல்வார்கள் என்று நமக்குத் தெரியாதா.

வராந்தா பெஞ்சில் அவள் லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரமெல்லாம் ஆகவில்லை. அவள் விரல்கள் நின்றுவிட்டன.

“பெட்டி காலி” என்றாள்.

“எந்தப் பெட்டி?”

“ப்ரோக்ராமுக்குள்ள தகவல் வந்து விழற பெட்டி. நேத்து காலையிலேர்ந்து வீட்டுலேர்ந்து ஒரு தகவலும் வரல. குழாய், அடுப்பு, கதவு, எதுவும் இல்ல. உள்ள ஒண்ணுமே இல்ல.”

“அப்ப சிவப்பு காட்ட வேண்டாமா?”

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். “உள்ள ஒண்ணுமே இல்லன்னா, ‘இல்ல’ன்னு சொல்றது ஒண்ணும் இல்ல. ‘இல்ல’ன்னு ஒண்ணும் சொல்லலன்னா பச்சை. கணக்குப்படி அது சரி. காலிப் பெட்டிக்கு அதான் பதில். எங்க எழுதினாலும் அதான் பதில்.”

மௌனம் சம்மதம் என்பார்கள். கல்யாணப் பேச்சில் சொல்கிற அந்தச் சொல்லை ஒரு மெஷின் எங்கள் அப்பாவின் விஷயத்தில் சொல்லியிருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

“சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சட்டியே காலியா இருந்தா, சமையல் பிரமாதம்னு சொல்லுமா உன்னோட ப்ரோக்ராம்?”

அவள் லேப்டாப்பை மூடி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அது லாரிக்குச் சரி” என்றாள், யாரிடமென்றில்லாமல். பிறகு, “காலியாவே இருக்க முடியாத பெட்டின்னு ஒரு டைப் இருக்கு. ஒண்ணாவது உள்ள இல்லன்னா அத உருவாக்கவே முடியாது. கம்பைலர் விடாது. அதுல எழுதியிருக்கணும். எனக்குத் தெரியும் அது. நல்லாவே தெரியும்” என்றாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்ல வந்தது எனக்கு. சறுக்கியது இவள், முறிந்தது அப்பாவின் இடுப்பு என்று நினைத்ததும் அதைச் சொல்லாமல் விட்டேன்.

மறுநாள் அக்கா டீ வாங்கக் கீழே போயிருந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டார். முகத்திலிருந்த ஆக்ஸிஜன் குழாயை விலக்கச் சொன்னார். விலக்கக் கூடாது என்றேன். அவரே விலக்கினார்.

“பெட்டிய நான்தான் கழட்டினேன்.”

“எதுக்குப்பா?”

“கழட்டினா அவ வருவா இல்ல.” மூச்சு வாங்கினார். “என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு ஓடி வருவா. வந்தா ரெண்டு திட்டு திட்டுவா. டீ போட்டுக் குடுக்கலாம். கொஞ்ச நேரம் உக்காந்திருப்பா.”

நான் குழாயைத் திரும்பப் பொருத்தப் போனேன், அவர் என் கையை விலக்கினார்.

“லிஃப்ட்ல கரண்ட் போச்சுன்னா பிரேக் தானா பிடிச்சுக்கும். அவ செஞ்சதும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். எம் பொண்ணு இல்லியா. தலை சீவிக்கிட்டேன். நல்ல கப்ப எடுக்கலாம்னு ஸ்டூல்ல ஏறினேன்.”

“விழுந்ததும் கத்தியிருக்கலாமேப்பா. பக்கத்து வீட்டுல ஆள் இருந்தாங்களே.”

“எதுக்குக் கத்தறது? அவதான் கிளம்பி வந்துட்டிருப்பாளே” என்றார். இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. மணி கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அதற்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவகிட்ட சொல்லிடாத. உனக்கு வாய் நிக்காது. இதை மட்டும் சொல்லிடாத.”

சொல்ல மாட்டேன் என்றேன். அக்கா டீயோடு வந்தாள். அப்பா அவளைப் பார்த்து, “வா பெரியவளே” என்றார். குரல் ஏறியது. அந்த நிலைமையிலும் ஏறியது.

அந்த வாரம் தாண்டவில்லை. நெஞ்சுச் சளி இரண்டு பக்கமும் இறங்கி, அப்பா போய்விட்டார். அக்கா அழவில்லை. நான்தான் இருவருக்குமாகச் சேர்த்து அழுதேன்.

அவள் ஆபீஸுக்குத் திரும்பிப் போய் முதலில் செய்த காரியம், அந்த ஃபங்ஷனை யார் யார் எங்கெங்கே எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று தேடியது. ஒவ்வொருவர் மேஜையாகப் போய் நின்று, “இந்தப் பெட்டி காலியா இருந்தா என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். லாரியில் சரக்கு இல்லையென்று அர்த்தமா, லாரியோடு பேச்சே அறுந்துவிட்டதென்று அர்த்தமா? இரண்டும் ஒன்றல்ல, ஒன்றுபோல எழுதக் கூடாது. ஆரம்பத்தில் இரக்கப்பட்டுக் கேட்டார்கள். பிறகு அவள் வருவதைக் கண்டால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, ஃபங்ஷனில் எந்தத் தப்பும் இல்லையே, எதற்கு இவ்வளவு பாடு, கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். “தப்பு இல்லன்னு எனக்கும் தெரியும் சார். அதான் தாங்கல” என்று சொல்லிவிட்டு வந்தாள். இதை என்னிடம் சொல்லும்போதும் அவள் அழவில்லை. இளைத்துப்போயிருந்தாள். சட்டையின் தோள் இறங்கித் தொங்கியது.

வீட்டுச் சொந்தக்காரர் சாவியைக் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் அப்பா வீட்டைக் காலி செய்யப் போனோம். ஸ்பேனர்களை ஒரு பையில் போட்டேன். போர்வைகளை மடித்தேன். அக்கா ஹாலில் ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்தச் சின்னப் பெட்டியைக் கையில் எடுத்திருந்தாள். ஒயர் வளையம் வளையமாகச் சுற்றப்பட்டு, ரப்பர் பேண்ட் போடப்பட்டிருந்தது.

“பிளக் தானா கழண்டுக்கல” என்றாள். “அவரே கழட்டியிருக்கார். சுத்தி வச்சிருக்கார்.”

மடித்து முடித்த போர்வையை நான் மறுபடி பிரித்து மடித்தேன்.

“எனக்கு அன்னிக்கே தெரியும். ராத்திரி ஆஸ்பத்திரியிலேர்ந்து நான் வீட்டப் பூட்ட வந்தேன் இல்ல, அப்பவே பாத்தேன்.” பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அவருக்கு இது பிடிக்கல. யாருக்குத்தான் பிடிக்கும், எந்நேரமும் ஒருத்தி பாத்துட்டே இருந்தா? மூஞ்சிக்கு நேரா சொல்லத் தயங்கிக் கழட்டிட்டார். அப்படித்தானே? உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. வாழ்நாளில் அவள் யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அவளுக்கு ஒரே ஒரு பிடிமானம் கிடைத்திருந்தது: அப்பா வேண்டாமென்று கழற்றினார், அது அவர் எடுத்த முடிவு. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தினமும் எழுந்து குளித்து ஆபீஸ் போய்க்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அப்பாவின் பாசம் முழுசாகக் கிடைக்கும், ஆனால் அவளே இருக்க மாட்டாள்.

“சொன்னார்” என்றேன். “பிடிக்கலன்னுதான் சொன்னார். தொல்லையா இருக்குன்னு சொன்னார்.”

“என்மேல கோவமா?”

“கொஞ்சம்.”

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். “சரி” என்றாள். “கோவம் நியாயம்தான்.” பெட்டியை அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். அப்பாவின் பாசத்தை அவளிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன், அவளோ எனக்கு நன்றி சொல்பவளைப்போல நின்றாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவர் ஒன்று அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. அக்கா அதைப் பிரித்தாள். அப்பா விழுந்த அன்று போட்டிருந்த உடுப்பு. ஊதா நிறத்தில் முழுக்கைச் சட்டை, கசங்கிப்போயிருந்தும் கைகளில் இஸ்திரி மடிப்பு தெரிந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிக் கொடுத்தது. அவர் அதை வெளியே போகும்போதுகூட அதிகம் போட மாட்டார்.

அவள் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விரித்துப் பார்த்தாள்.

“வீட்டுக்குள்ள எதுக்கு இதைப் போட்டார்? யாரோ வர்றாங்கன்னு காத்திருந்த மாதிரி இருக்கே. யார் வர்றதா இருந்தாங்க?”

“நான்தான்” என்றேன். “டூர் முடிஞ்சதும் நேரா வர்றேன்னு சொல்லியிருந்தேன். எந்த நாள்னு குழப்பிக்கிட்டிருப்பார். எனக்காகத்தான் போட்டிருப்பார்.”

அக்கா சட்டையை மடித்தாள். கையை உள்ளே மடக்கி, காலரை நீவி, கடையில் மடிப்பதுபோல மடித்தாள். அதை என்னிடம் நீட்டியபோது அவளுக்கு முதன்முதலாகக் கண் நிறைந்தது.

“அப்ப நீயே வச்சுக்கோ” என்றாள். “நீயாவது வர்றேன்னு சொல்லியிருந்தியே. அது போதும்.”